நிறம் மாற்றும் செலவு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சிவபாலனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டது. புனேயில் பனி விழத் தொடங்கியிருக்கும், பேத்தியைக் காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பச் சொல் என்கிறாள்.

உன் தொழிற்சாலைக் கூட்டத்தில் நீ பேசிய வீடியோவைப் பார்த்தோம். சிறு தொழில்கள் சட்டென்று மாறக் கற்க வேண்டும் என்று நம் தறிகளையே உதாரணம் காட்டினாய். பொய்யில்லை. முன்பு தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் ஒரே நிறத்தில் மூன்று புடவை வரும். இப்போது நீ செய்த ஏற்பாட்டில், வாடிக்கையாளர் போனில் கேட்கும் நிறத்தில் ஒரே புடவைக்கு மட்டும் பாவு. விற்காத சரக்கு அலமாரியில் தூங்குவதில்லை. அம்மாவுக்கு நீ பேசியதில் பாதி புரியவில்லை, ஆனாலும் வீடியோவை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள்.

உன் பின்னால் திரையில் ஒரு வரி வந்தது: 'நிறம் மாற்றும் செலவு: இல்லை.' அங்கே எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை.

புதுப் பாவு வந்தால், பழைய பாவின் நுனியோடு இழை இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஒரு பகல் முழுக்க அதற்கே போகும். நெசவாளி வீட்டுப் பெண்கள் செய்வார்கள், தனிக் கூலி கிடையாது. ஊர் வழக்கம் அப்படி. மூன்று புடவைக்கு ஒருமுறை என்றிருந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது புடவைக்குப் புடவை. நமக்கு நெய்யும் முனிரத்தினத்தின் மனைவி சங்கரிக்குக் கட்டைவிரல் வெடித்து, சோறு பிசைய முடியவில்லை. "உங்க புள்ள வேகத்துக்கு என் தோலு வளர மாட்டேங்குது மொதலாளி, இன்னா பண்றது" என்று சிரித்துக்கொண்டே எனக்குக் காபி கொடுத்தாள். முனிரத்தினம் சிரிக்கவில்லை. மறுவாரம் பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டான்.

பிணைக்கக் கூலி சேர்க்கலாமா என்று போனில் கேட்டேன். சேர்த்தால் விலை கட்டாது, வழக்கமாக அவர்கள் செய்வதுதானே என்றாய். சரியென்று வைத்துவிட்டேன். உன் தொழிற்சாலைக் கணக்கு எனக்குத் தெரியாது, நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் செலவு இல்லாமல் போகவில்லையப்பா. எதிர்த்துக் கேட்காத வீடுகளில் அதை இறக்கி வைத்திருக்கிறோம்.

இப்போது இந்தத் தெருவின் மற்ற தறிக்காரர்களையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்கச் சொல்கிறாய். நான் போய்க் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்கிறாய். உண்மைதான், மறுக்க மாட்டார்கள். அதனால்தான் எனக்குக் கால் எழவில்லை. கூலியையும் சேர்த்து நீயே வந்து கேள். முடியாதென்றால் இதோடு விட்டுவிடு.

நீயும் அகிலாவும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருக்க வேண்டும். பதிலைக் கடிதத்திலேயே எழுது. போன் மட்டும் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் சரியென்று சொல்லிவிடுவேன்.

உன் அப்பா,
உமாபதி