உலர்ந்த பஞ்சு

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

இருவரும் நலம். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

நீ பேர் கொடுத்துச் சேர்த்துவிட்ட ஆராய்ச்சியிலிருந்து பெட்டி வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைப் பட்டையில் செருகி, உன் அம்மா தினமும் இருபது நிமிடம் தலையில் கட்டிக்கொள்கிறாள். லேசான மின்சாரம் மூளைக்குப் போனால் அவளுடைய நரம்பு நோய், அந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தரும் அசதி குறையுமாம். நேற்று மாடிப்படி பதினாறையும் நிற்காமல் ஏறினாள். மேலே போய், "என்ன, மூச்சு வாங்குதா?" என்று என்னைக் கேட்டாள்!

அங்கேதான் எனக்குச் சந்தேகம். பாதிப் பேருக்கு மின்சாரம் வராத பெட்டி தருவதாகக் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. நம்முடையது எது? மின்சார மீட்டர் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். அளந்து பார்க்கலாமா? தவறென்றால் சொல்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பா,

தொடாதீங்க! எந்தப் பெட்டின்னு நர்ஸுக்கே தெரியாது. தெரியக் கூடாதுங்கறதுதான் ஆராய்ச்சியே. காய்கறிக் கடைத் தராசையே ரெண்டு தடவை தட்டிப் பாக்கிற ஆள் நீங்க. இதையாவது விட்டுடுங்க. அம்மா படி ஏறுறாங்க, அது போதாதா?

உங்கள் மகள்

மார்ச் 19

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே என் பழைய மீட்டரை வைத்து அளந்துவிட்டேன். சில நொடி முள் ஆடியது, பிறகு பூஜ்யம். மூன்று முறையும் அதே. நம்முடையது மின்சாரம் வராத பெட்டிதான்.

மறைக்கத் தெரியாமல் அவளிடமே சொல்லிவிட்டேன். "அப்போ நான் ஏறினது?" என்றாள். பட்டையை மேசையில் வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை. முந்தாநாள் ஏழாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை கொடுத்தேன். வேண்டாம் என்றாள்.

அப்பா

மார்ச் 26

அப்பா,

நர்ஸைக் கேட்டேன். பஞ்சு காய்ஞ்சிருந்தா எந்தப் பெட்டியானாலும் தானா நின்னுடுமாம், தோல் சுடக் கூடாதுன்னு. நீங்க நனைச்சீங்களா?

மார்ச் 31

அன்புள்ள மகளுக்கு,

நனைக்கவில்லை. ஈரம் பட்டால் மீட்டர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். என் கையெழுத்தையே இரண்டு முறை சரிபார்க்கிறவன், அந்த மூன்று முறையும் என்னைச் சந்தேகிக்கவில்லை.

இதையும் அவளிடம் சொன்னேன். "நாப்பது வருஷமா உங்க சந்தேகம் ஒண்ணையும் நான் காதில போட்டுக்கிட்டதில்ல. இந்த ஒண்ணைப் போய் நம்பினேன் பாருங்க" என்றாள்.

விட்டுப்போன நாட்களை நர்ஸிடம் அவளே சொல்லி, தொடர அனுமதி வாங்கிவிட்டாள். பஞ்சை நனைத்துப் பிழிய ஆரம்பித்தாள். உதவப் போனேன். "தள்ளி உக்காருங்க" என்றாள். தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று பதினோரு படி.

இப்போது பஞ்சு ஈரமாக இருக்கிறது. இப்போது அளந்தால் சரியான விடை கிடைக்கும் என்ற நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது. ஆகவே மீட்டரை இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். நான் கேட்டாலும் திருப்பி அனுப்பாதே.

கேட்பேன்.

அன்புடன்,
அப்பா