படத்தில் தூங்கியவள்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் பாப்பா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் சௌக்கியம்.

இங்கே குளிர் விட்டு, வசந்தகாலக் கலைவிழா நடக்கிறது. பாட்டு, நாடகம், ஓவியக் கண்காட்சி என்று இந்தச் சின்ன ஊரே அமர்க்களப்படுகிறது. எங்கள் முதியோர் இல்லத்துத் தாத்தா ஒருவர் வரைந்த படமும் கண்காட்சியில் இருந்தது. போய்ப் பார்த்தால், படத்தில் நான்! சலவை அறையில் துணிமூட்டைமேல் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்குகிறேன். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த அன்று கண்ணயர்ந்திருக்கிறேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வேலை நேரத்தில் தூங்கியதற்காகப் போன மாதம்தான் ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளை நிறுத்திய மேனேஜரே படத்தின் முன்னால் வந்து நின்றார்.

"இது நீதானே? எப்போ தூங்கின?"

நான் வாய் திறப்பதற்குள் தாத்தா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "அவ எங்க தூங்கினா? நான்தான் கண்ணை மூடிட்டு அசையாம இருன்னு சொன்னேன். பாவம், சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படியே இருந்தா."

மேனேஜர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அடுத்த வருஷம் நாடகத்துல சேர்ந்துடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதே.

தலைவலித் தைலம் அனுப்பு. பாப்பா போட்ட கவுன் ஒன்றையும் துவைக்காமல் அதோடு வை.

படத்தை ஊருக்கு அனுப்பச் சொல்லி தாத்தா என்னிடமே கொடுத்தார். வேண்டாமென்றுவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்தால் நீ உடனே கிளம்பி வரச் சொல்வாய்.

துணி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்