மாதம்மாள் வீட்டுக் குதிர்

4-6-79
கீழ்நாட்டில் நாற்பது வீடு கட்டிக் கொடுத்துவிட்டு மலைக்கு வந்தவன் நான். குடியிருப்பதோ ஒழுகும் வாடகை அறையில். காந்தா கண்ணமங்கலத்திலிருந்து எழுதுகிறாள்: "ஓவர்சியர் பொண்டாட்டின்னு சொல்லிக்கவே வெக்கமா கீது."

இங்கே சந்தைத் திடலை ஒட்டி, பஸ் நிற்குமிடத்தில், பத்துத் தொகுப்பு வீடுகள். பிளான், பட்டணத்தில் யாரோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து போட்டது. யாரோ என்ன யாரோ — படி எடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

9-6-79
சுண்ணாம்புக் கோடு போட்டோம். ஏழாம் நம்பர் மாதம்மாளுக்கு. போன மழையில் குடிசைச் சுவர் பாதி விழுந்த விதவை. கோட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"வாசல் எத்தினி அடி, ஓவர்சியரே?"

"ரெண்டரை."

"என் குதிர் அஞ்சு அடி அகலம்."

மூங்கிலில் பின்னி மண் பூசியது. வருடத்துச் சாமை முழுக்க அதில்தான். மூட்டையில் கட்டி வையேன் என்றேன்.

"மூட்டைய எலி தின்னா நீ சோறு போடுவியா? குதிர் வராத வூட்டுக்கு நானும் வரல, போ."

இங்கே குதிர் வைத்த பிறகுதான் சுவரே எழுப்புவார்களாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் யாரைக் கேட்டேன்?

10-6-79
வீடு வேண்டாம் என்றால் பெயரை அடித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம், விதி அப்படி. காண்டிராக்டர் மச்சான் கோபால்சாமி அதற்குள் ஏழாம் நம்பரில் சைக்கிள் கடை வைத்தேவிட்டான், வாயாலேயே. போர்டுக்கு என்ன கலர் என்று என்னிடம் கேட்டான். பச்சை என்று சொல்லித் தொலைத்தேன்.

22-6-79
எனக்கென்ன? குதிர் என்னுடையதா? — காலையிலிருந்து நாலாவது தடவை கேட்டாயிற்று.

2-7-79
அஸ்திவாரம் முடிந்தது. "சுவர் நாளைக்கு" என்று கொத்தனார் வேடியப்பனை நிறுத்தினேன். எட்டுப் பேர் கழியில் கட்டித் தூக்க, காலிக் குதிர் சாமி ஊர்வலம் மாதிரி வந்தது. முன்னால் மாதம்மாள், பின்னால் டேப்போடு நான். பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் கும்பிட்டார். நானும் வாங்கிக்கொண்டேன்.

19-7-79
பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்தார். இடுப்பளவுச் சுவர், நடுவில் குதிர்.

"என்னய்யா இது?"

"குடிவந்துட்டாங்கய்யா."

"கூரையே இல்லையே?"

"கொஞ்சம் அவசரக்காரங்கய்யா."

முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்: ஏழு — குடியேறியாயிற்று. இனி யாரும் அவள் பெயரை அடிக்க முடியாது. கோபால்சாமி பச்சை பெயிண்ட் வாங்கிவிட்டானாம். பாவம்.

3-9-79
கூரைத் தளம் போட்டாயிற்று. ஏழாம் நம்பரில் குதிர் போக, ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம். மற்ற ஒன்பது வீட்டார் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். அவர்கள் படுக்கை இங்கே, வாசலில் குதிர் நுழையாததால் சாமை பழைய குடிசையில்.

14-11-79
அடைமழை. என் அறை ஒழுகி, பிளான் கட்டு நனைந்தது. தூக்கிக்கொண்டு ஏழாம் நம்பருக்கு ஓடினேன். மாதம்மாள் வாங்கிக் குதிருக்குள் புதுச் சாமை மேல் வைத்து மூடினாள். அப்புறம் கேட்டாள்: "இன்னா ஓவர்சியரே, ஊருக்கெல்லாம் வூடு கட்ற, உனுக்கு இல்லியா?" சுடச்சுடக் கூழ் கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்தேன்.

20-11-79
அடுத்த பத்து வீட்டுக்குப் பிளான் என்னையே போடச் சொல்லிக் கடிதம். தாளை விரித்தால் சாமை உதிர்கிறது. முதலில் அஞ்சு அடிக்கு ஒரு வட்டம் போட்டேன். சுவர் நாளைக்கு.