சம்பல் முட்டையிட்ட தை மாதம்

12.01.2025, ஞாயிறு
சுவிஸ், துன் நகரில் விடாமல் பனி. என் மனிசன் நிரு, ஹோட்டல் சமையலறை வேலைக்குப் போனதும் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் போய் இருந்தேன். ஐப்பசியில், ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனபிறகு, வீட்டில் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவர் வாங்கி வந்த அக்சலோட்டில்கள், தண்ணீரில் வாழும் பல்லி மாதிரிப் பிராணிகள். காதோரம் இறகு மாதிரிச் செவுள், எப்போதும் சிரிக்கிற வாய். கறுப்பு, புட்டு. வெள்ளை, சம்பல். பேர் வைத்ததும் அவர்தான். இரண்டும் பெண் என்று சொல்லித்தான் விற்றார்கள்.
புட்டுவின் வாலடியில் ஒரு வீக்கம். ஏதும் நோய், வருத்தமோ?

14.01
தைப்பொங்கல். பொங்க மனமில்லை. நிரு தானே பாலை அடுப்பில் வைத்தார்.

16.01
வீக்கத்தைப் படமெடுத்து மிருக வைத்தியருக்கு அனுப்பினேன். அந்த அம்மா போனில் சிரித்தார். வருத்தமில்லையாம், புட்டு ஆணாம்! பெண்ணுக்கு வயிறு இரண்டு பக்கமும் உருளுமாம். ஆண் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போகும், பெண் பின்னால் போகும். தொட்டித் தரையில் ஆண் விட்ட, வெள்ளை நுனியுள்ள கூழ்க் கூம்புகள் கிடந்தால் முட்டை வரப்போகிறது என்றார்.
சம்பல் உருண்டுதான் இருக்கிறாள். நான் சாப்பாடு கூடக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

19.01
கல்லில் கூம்புகள்! புட்டு வாலை நடுக்கி நடுக்கிப் போகிறான், சம்பல் மூக்கால் முட்டிக்கொண்டு பின்னால். நிருவைக் கூப்பிட்டேன்.
"ஐயோ, எங்கட வீட்டிலயோ!"
சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு.

21.01
தொட்டிச் செடியில் இலைக்கு இலை முட்டை. நூற்றுக்கணக்கில். விட்டால் தாயும் தகப்பனுமே தின்றுவிடுமாம். வளர்க்கக் கூடியதை வேறு பாத்திரத்தில் எடுங்கள், மிச்சத்தை வளரவிடாமல் இப்போதே உறைபெட்டியில் வையுங்கள், அதற்கு ஒன்றும் தெரியாது என்றார் வைத்தியர்.
சரிதான். சரியெண்டு எனக்குத் தெரியும். என்ர கையால ஏலாது. ஏலவே ஏலாது.
நிரு வேலையால் வரும்போது நான் குளியலறைத் தரையில் இருந்தேன்.
"நீர் தொடவேண்டாம், மது. நான் பாக்கிறன்."

22.01
கடைக்குப் போய் வந்தேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்ச முட்டை, ஜன்னலோரம். மிச்சத்தை அவர் வைத்துவிட்டார். உறைபெட்டிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்று அழுதார். ஆஸ்பத்திரியில் கூட அழாத மனிசன்.
"நான் பிள்ளைக்கு ஒரு பேர் நினைச்சு வச்சிருந்தனான்."
"என்ன பேர்?"
"நிலன்."
அவரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாளும் நான் மட்டும்தான் என்றல்லவா நினைத்தேன்.

31.01
முட்டைக்குள் கறுப்பாய் ஒன்று துடிக்கிறது.

09.02, ஞாயிறு
ஒன்பது குஞ்சு பொரித்துவிட்டன. நகத்தளவு. ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று பார்த்தோம். பிறகு நானே கேட்டேன், "எங்கட பிள்ளையைப் பாக்கப் போவமோ?"
தங்காமல் போன பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்காரர் அடக்கம் செய்கிற இடத்திற்கு நான் இதுவரை போனதில்லை. மயானத்து வாசலில் யாரிடமாவது வழி கேட்போம் என்றேன்.
"தேவையில்லை," என்றார் நிரு. பனிக்குள் நேராக நடந்து போய், மூலையில் ஒரு சின்ன விளக்கின் முன்னால் நின்றார். உள்ளே மெழுகுதிரி பாதி எரிந்திருந்தது.
"கிழமைக்கு ஒருக்கா வாறனான்," என்றார். "நீரும் ஒருநாள் வருவீர் எண்டு தெரியும்."