றிம்ஷா குறித்துவைத்த நேரங்கள்

2025 யூலை 14, திங்கள்
இன்றும் மூன்று தடவை சேர்வர் இணைப்பு அறுந்தது. விண்ணப்பங்கள் எழுதிக்கொடுக்கும் எங்கள் கந்தோரின் ஆறு கணினிகளும் கோப்புகளை வைப்பது அந்த ஒரே சேர்வரில்தான். திரை அப்படியே உறைந்து நிற்கும். பிறகு தானாகத் திரும்பும். கணினிகளுக்குப் பொறுப்பு நான். கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். அதே கதைதான்.

யூலை 15
ஜெயகௌரி அக்காவின் கோப்பு பழுதாகிவிட்டது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர். அங்கே பிறந்த மகளின் குடியுரிமை விண்ணப்பம், வெள்ளிக்கிழமைக்குள் கொழும்புக்குப் போயாக வேண்டும். பதினேழு பக்கமும் அடித்தது எங்கள் தட்டச்சாளர் றிம்ஷா. பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து வருபவர், இரண்டு பிள்ளைகளின் தாய், ஆறு மாதத் தற்காலிக நியமனம்.
“நான் சேவ் பண்ணிப்போட்டுத்தான் எழும்பினனான், சேர்.”
நான் நம்பவில்லை.

யூலை 16
பணிப்பாளர் அன்ரோனெற் மிஸ் அறிக்கை கேட்டார். ‘தட்டச்சாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்தேன். றிம்ஷாவை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவோம் என்றார். நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

யூலை 17, வியாழன்
காலையில் றிம்ஷா ஒரு கொப்பித்தாளை என் மேசையில் வைத்தார். இரண்டு கிழமையாக இணைப்பு அறுந்த நேரங்கள் எல்லாம் அதில் இருந்தன.
“கோவிக்காதேங்கோ சேர். மேல்மாடியில புதுப் பிரிண்டர் போடுற சத்தம் கேக்கும், உடன இங்க போயிரும். ஒருக்காப் பாருங்கோ.”
மேலே போய்ப் பிரிண்டரைப் போட்டேன்.
“போயிற்று சேர்!” கீழேயிருந்து குரல். நிறுத்தினேன். “வந்திற்று!”
வலையமைப்பில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி எண் உண்டு, வீட்டு இலக்கம்போல. சேர்வரின் எண்ணே பிரிண்டருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. பிரிண்டர் ஓடும்போதெல்லாம் சேர்வர் அறுந்தது; றிம்ஷா சேவ் பண்ணிய கோப்பும் அப்படித்தான் பாதியில் பழுதாகியிருக்கிறது. கொடுத்தது யார்? நான்தான். மாதத் தொடக்கத்தில், அவசரத்தில்.
ஆண்டவரே — என்ர பிழைக்கு அவவையெல்லோ மாட்டிவிட்டனான்! இனி என்னெண்டு முகத்தைப் பாக்கிறது?
எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். மிஸ்ஸின் அறைக்குள் போகத்தான் அரை மணித்தியாலம் எடுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையைக் கிழித்துப் போட்டார்.
“பெனடிக்ற், அவவிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கோ.”
சொன்னேன். றிம்ஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைப் போட்டார்.
“சரி சேர். இப்ப அந்த அக்காட விண்ணப்பத்த அடிப்பம். நாளைக்கு வெள்ளி.”
கையெழுத்துப் பிரதியை நான் வாசிக்க, அவர் அடித்தார். பதினேழு பக்கம்.

யூலை 18
மூன்றரைக்கு விண்ணப்பம் போய்விட்டது. நாள் முழுக்க இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஆண்டவருக்கு நன்றி. றிம்ஷாவுக்கும்.

ஒக்ரோபர் 22
ஜெயகௌரி அக்கா மகளோடு வந்தார். சான்றிதழ் கிடைத்துவிட்டதாம். போன கிழமைதான் வேலை நிரந்தரமான றிம்ஷாவின் மேசைக்கு இருவரும் நேரே போனார்கள். பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைவாக இருந்தது.