வெள்ளாவிக்குப் போன லைஃப் ஜாக்கெட்டுகள்

பிப்ரவரி 4, 1974. திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஓட்டல் வரை பஸ்ஸில் நின்றபடியே. கால் வலி.

சலவைக்கார முனுசாமி லைஃப் ஜாக்கெட் 12-ஐயும் வெளுத்துக் கொண்டுவந்தார். போன மாதம் ஒரு வெள்ளைக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிப் போட்டாளே, அதே ஜாக்கெட்டா இது! கவிச்சி வாடை இல்லை, பிசுக்கு இல்லை. ஆரஞ்சு நிறம்தான் கொஞ்சம் மங்கல். வெள்ளாவி வைக்கச் சொன்னது என் யோசனை. இங்கே வேறு எவனுக்குத் தோன்றியது? மேனேஜரே "பலே" என்றார்.

படகோட்டி ஏழுமலை மட்டும் கிண்டல். "இன்னா ஸ்டோர் சார், பொண்ணு பாக்கவா கெளம்புது இதெல்லாம்?"

ரிஜிஸ்டர்: ஜா. 12, ரப்பர் வளையம் 2, விசில் 1, கயிறு ஒரு சுருள், தண்ணீர் இறைக்கும் டப்பா 1. எல்லாம் நல்ல நிலை. கை.எ. போட்டாயிற்று.

ஞாயிறு மச்சினி கமலா வருகிறாள். சரோஜாவின் தங்கை, மதுராந்தகத்தில் டீச்சர். கூட வேலை பார்க்கும் டீச்சர்களோடு சேர்த்துப் பத்து பேர். உப்பங்கழியில் படகு சவாரி, என் ஏற்பாடு. தண்ணீர் என்றாலே நடுங்குவாள். "ஜாக்கெட் இருக்கு, தைரியமா வா" என்று நான்தான் சொன்னது.

பிப். 6, புதன்

காற்று. ஏழுமலையோடு சண்டை.

படகிலிருந்து ஒரு ஜாக்கெட் கழியில் விழுந்ததாம். "மெதக்கும்தானேன்னு வுட்டுட்டேன் சார். டீ குட்ச்சிட்டு வந்து பாத்தா காணோம். உள்ள எறங்கி, காலால துழாவி எடுத்தேன்."

"நீ கல்லைக் கட்டி விட்டிருப்பே" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "கடல்ல போறவன் இதுல வெளாடுவானா சார்?"

மேனேஜர் என்னைப் பாராட்டியது அவனுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பிப். 7, வியாழன்

மனசு கேட்கவில்லை. மத்தியானம் தோட்டத்துத் தொட்டியில் ஒரு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, வாட்சைப் பார்த்தபடி நின்றேன். மிதந்தது. அப்பாடா. ஐந்து நிமிஷத்தில் குமிழி குமிழியாக வந்தது. அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்தது. கால் மணி ஆகவில்லை, அடியில் கிடந்தது.

இன்னும் மூன்று போட்டுப் பார்த்தேன். மூன்றும் அப்படியே.

ஏழுமலை பின்னாலேயே நின்றிருக்கிறான். 'பார்த்தியா' என்று குத்திக்காட்டுவான் என்று நினைத்தேன். இல்லை. "உள்ள இருக்கிறது எலவம்பஞ்சு சார். அதுல தன்னால ஒரு எண்ண கீது. அதனாலதான் தண்ணி பூராது. வெளுக்குற உழமண்ணு போட்டு அவிச்சா அது நிக்குமா? எங்க வூட்ல தலகாணி ஒறயதான் தொவைப்போம். பஞ்ச வெயில்லதான் போடுவோம்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பழியை முனுசாமி மேல் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம். அவர் அன்றைக்கே தயங்கினார். "உள்ள பஞ்சு கீதே சார், அவிக்கலாமா?" சொன்னதைச் செய் என்று விரட்டியது நான். சே.

பிப். 8, வெள்ளி

மேனேஜர் அறை வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். சொன்னால் வேலை போய்விடும்.

சரோஜாவிடம் சொன்னேன். "கமலாவ மட்டும் வர வேணாம்னு எழுதிடுங்க. மத்தத ஆண்டவன் பாத்துப்பான்."

கார்டு எழுதிப் போட்டேன். கடல் காற்று உன் மூச்சிரைப்புக்கு ஆகாது, இந்தத் தடவை வேண்டாம் என்று. போட்ட பிறகு தபால் பெட்டி பக்கத்திலேயே வெகுநேரம் நின்றேன்.

மற்ற ஒன்பது பேர்?



பிப். 9, சனி

சாயங்காலம் கமலா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் கார்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா மாமா, எனக்கு மூச்சிரைப்பு வந்தே ரெண்டு வருஷம் ஆவுது! எல்லாரும் பயந்துகினு இருந்தாங்க. எங்க மாமா பொறுப்புல ஜாக்கெட் இருக்கு, ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் கெளப்பிவுட்டேன். நானே வரலைன்னா நல்லாவா இருக்கும்?"

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயமாக இருக்கிறது. காலையில் முதல் வேலை மேனேஜர்.

பிப். 10, ஞாயிறு

நல்ல வெயில். முகத்துவாரம் திறந்திருக்கிறது, நீரோட்டம் ஜாஸ்தி என்றான் ஏழுமலை.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவர்: "இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கட்டும்யா. ஏழுமலை இருக்கான்ல. புதுசுக்கு நாளைக்கு எழுதலாம்."

படகுத்துறையில் பத்து பேரும். கமலா முதல் ஆளாக மாட்டிக்கொண்டு, நாடாவைக் கட்டிவிடச் சொன்னாள். என் கைக்கு முடிச்சு வரவில்லை. "கழட்டு!" என்று கத்திவிட்டேன். இன்னொன்றை எடுத்துத் துறையோரம் தேங்கின தண்ணீரில் வீசினேன்.

மிதந்தது. ஒரு டீச்சர் சிரித்தாள். "கொஞ்சம் இருங்கம்மா" என்றான் ஏழுமலை. மேனேஜர் என்ன கத்தியும் அவன் படகைத் தொடவில்லை. கால் மணி நேரம் வேர்த்துக்கொட்டி நின்றேன். ஜாக்கெட் உள்ளே போய்விட்டது.

அவித்து வெளுக்கச் சொன்னது நான், நல்ல நிலை என்று கையெழுத்துப் போட்டது நான், வியாழனிலிருந்து தெரியும் என்றேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். ஸ்டோர் சாவி கொடுத்தாயிற்று.

பஸ் நிறுத்தத்தில் கமலா பக்கத்தில் வந்து நின்றாள். "வியாழக்கிழமையே தெரியும்னீங்களே மாமா. அப்ப அந்தக் கார்டு எனக்கு மட்டும்தானா?"

ஆமாம் என்றேன்.

மற்றவர்கள் எதிரே புளியமரத்தடியில் நின்றிருந்தார்கள். அவர்களோடு போய் நின்றுகொண்டாள்.