பைன் காட்டுக்கு நாலாவது ஒத்திகை

செப்டம்பர் 4
பைன் காட்டுப் பேச்சு இந்த வருஷமும் ஆரம்பமாகிவிட்டது. கோடாலியே படாத காடு, ஒவ்வொரு மரத்துக்கும் நானூறு ஐந்நூறு வயது. பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு மூன்று வருஷமாக ஆசை. என் வீட்டுக்காரருக்கு வேலை, அலுவலகம் அலுவலகமாகப் போய்த் தீ விபத்து ஒத்திகை நடத்துவது. அதனால் எங்கள் வீட்டில் எதற்கும் முதலில் ஒத்திகை. போன இரண்டு வருஷமும் ஒத்திகை முடிவதற்குள் பனி விழுந்து, காட்டுப் பாதையை மூடிவிட்டார்கள்.

செப்டம்பர் 9
வரவேற்பறையில் கூடாரம் அடித்தாயிற்று. சோபா மாடிப்படியில் நிற்கிறது. சமையலறைக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டும். ஆறு என்றால் நீலப் போர்வை. காலை அவசரத்தில் மிதித்துவிட்டேன்.

"உன்னை ஆறு அடிச்சுட்டுப் போயிடுச்சு. முதல்லேர்ந்து வா" என்றார்.

முதலிலிருந்து வந்தேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

செப்டம்பர் 15
கரடி ஒத்திகை. கரடி, சலூன் வைத்திருக்கும் என் தம்பி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தான். ஓடக் கூடாது, நிதானமாகப் பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும், அப்போது கரடி போய்விடும் என்பது இவர் கணக்கு. பேசினார். கரடி அசையவில்லை.

"மச்சான், இப்ப நீ போகணும்."

"நான் எதுக்கு மாமா போகணும்? என் காடு!"

வார்த்தை தடித்து, கரடி சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

செப்டம்பர் 16
தம்பி போனை எடுக்கவில்லை. கரடிக்கு என்ன ரோஷம்!

செப்டம்பர் 24
மூன்றாவது ஒத்திகையும் தோல்வி. நடுவில் நான் சிரித்துவிட்டேனாம். அடுத்த மாதம் பத்தாம் தேதியோடு பாதையை மூடுகிறார்கள் என்றேன். "அவசரப்பட்டா ஆபத்து" என்றார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த மனுஷனுக்கு அப்படி என்னதான் பயம்? கேட்டால், கயிற்றில் முடிச்சுப் போடுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி போடுகிறார்.

செப்டம்பர் 29
தம்பியைச் சமாதானப்படுத்தி, இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இவரிடம் சொன்னேன்: "நாலாவது ஒத்திகை முழு ஒத்திகைங்க. மூட்டை முடிச்சோட, வண்டியெல்லாம் வெச்சு."

பூரித்துப் போனார். பெண்டாட்டிக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டதாம்.

அக்டோபர் 3
வண்டி ஊரைத் தாண்டியதும், "எப்ப வீட்டுக்குத் திரும்புறோம்?" என்று கேட்டார்.

"பயணத்தையும் ஒத்திகை பார்க்க வேணாமா மாமா?" என்றான் தம்பி.

நியாயம்தான் என்று தலையாட்டினார். மலை ஏற ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை. பாவமாகிவிட்டது எனக்கு.

அக்டோபர் 4
காட்டிலிருந்து எழுதுகிறேன். அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று பேர் கைகோத்தும் ஒரு மரத்தைச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. தம்பியும் நானும் விலகிய பிறகும் இவர் அதில் கன்னத்தை வைத்தபடியே நின்றார். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஒத்திகை நல்லா போச்சு" என்றார். "நிஜமா எப்ப வரலாம்?"

தம்பி வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

"அவசரப்படாதீங்க" என்றேன். "இன்னும் பத்துப் பதினைஞ்சு ஒத்திகையாவது வேணும்."